வடிகட்டிய நீரை நம்பலாமா?



குழாயில் வரும் நீர் வடிகட்டியது, மருந்து போட்டது, ஆகவே இனிப் பயமில்லை என்று ஜனங்கள் எண்ணுகிறார்கள். இது சரிதானா என்று சற்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் 1993-ல் ஏரி நீரை வடிகட்டி, குளோரினும் போட்டுத்தான் குழாயில் விட்டார்கள். அப்படியிருந்தும் சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஏற்கெனவே நோயால் நலிந்திருந்தவர்கள் பலர் மாண்டார்கள். காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் கிருமி. அது குளோரினுக்குச் சாகாது.

அதன் பருமன் 1 மில்லிமீட்டரில் சுமார் 200-ல் ஒரு பங்கு. இக்காலத்து நுண்சவ்வு வடிகட்டியின் துவாரமோ அதனினும் சுமார் 100 மடங்கு சிறியது. நீர் நுழையும், கிருமி நுழையாது. இதில் மந்திரமில்லை, அளவுதான் இருக்கிறது.

அப்படியானால் சவ்வை நம்பிவிடலாமா? கூடாது! பாசி படிந்து துவாரத்தை அடைக்கும். எதிர்ப்புறமாக நீர் செலுத்திக் கழுவவேண்டும். ஓர் இழை அறுந்தாலும் கிருமி புகுந்துவிடும். ஆகவேதான் காற்றைச் செலுத்தி, அழுத்தம் குறைகிறதா என்று நாள்தோறும் சோதிக்கிறார்கள்.

ஆகையால் நாம் சொல்லுவதெல்லாம் இதுதான்: உங்கள் ஊர்க் குடிநீரை யார் சோதித்தார்கள், என்று சோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்!