தோலின் இயல்பும் அதன் மெருகும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தொழிலுடைய யாம் தோலைப் பற்றிப் பேச முற்பட்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணத்தை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். நம் சங்கத்தின் கடனுதவி பெற்றுக் கைப்பை தைக்கும் தொழில் தொடங்கிய இளைஞர் ஒருவர், சென்ற ஆண்டு 'அசல் தோல்' என்று முத்திரையிட்ட சரக்கை வாங்கினார். தைத்த பைகள் நன்றாகவே விற்றன. ஆனால் மழைக்காலம் கழியுமுன் அவற்றின் மேற்பூச்சு செதில் செதிலாக உரிந்தது. வாங்கியோர் பைகளைத் திருப்பிக் கொணர்ந்தனர், கடன் நின்றது, நற்பெயர் சென்றது. அக்கடனுக்குப் பிணை நின்று கையெழுத்திட்டவருள் யாமும் ஒருவேம்.

அப்பைகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, எம் பள்ளிக்கருகே செருப்புத் தைக்கும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் அதன் வெட்டு விளிம்பை ஒருகணம் நோக்கினார். "ஐயா, இது அடித்தோல், மேலே பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறது" என்றார். அவர் கண்ட உண்மையை நாமும் காணுமாறு, தோலின் இயல்பைச் சிறிது ஆராய்வோம்.

பண்டைத் தமிழர் தோலை 'அதள்' என்றும் 'பச்சை' என்றும் வழங்கினர். யாழின் பத்தரைப் போர்த்ததும், போர்முரசுக்கு முகமானதும் தோலே. நம் முன்னோர் வீரத்துக்கும் இசைக்கும் துணையாகக் கொண்ட பொருளை இழிந்ததெனக் கருதுதல் எங்ஙனம் பொருந்தும்?

உரித்த தோலின் இடைப்பகுதியே பதனிடுதற்கு உரியது. அதன் மயிர்ப்புறத்தில் நார்கள் நுண்ணியவாய் நெருங்கிப் பின்னியிருக்கும். சதைப்புறம் செல்லச் செல்ல அவை பருத்து நெகிழும். ஆகலின் மேற்புறமே அழகு மிக்கது. மாட்டுத்தோலில் மயிர்த்துளைகள் ஏறத்தாழச் சீராகப் பரவியிருக்கும். எருமைத்தோலில் அவை பெரியனவாய் அருகியிருக்கும். வெள்ளாட்டுத்தோல் மெல்லியதாயினும் நார்ச்செறிவால் வலியது. செம்மறியாட்டுத்தோல் மிக மென்மையுடையது, ஆயினும் வலிமையிற் குறைந்தது.

பச்சைத்தோல் உப்பிட்டு வைக்கப்பெற்று, நீரில் ஊறிச் சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் நீங்கி, சதை களையப்பெற்ற பின்னரே பதனிடப்படும். பதனிடும் முறை பெரும்பாலும் இரண்டு. ஒன்று மரப்பட்டை, காய் முதலியவற்றின் துவர்ப்புச் சாற்றால் பதனிடுவது. நம் நாட்டு ஆவாரம்பட்டை இதற்குப் பெயர்போனது. ஆவாரம்பட்டையால் மட்டும் பதனிட்ட தோல் வெயில் படின் செந்நிறம் அடையும். கடுக்காய்ச் சாறு ஊட்டினால் அக்குறை தணிந்து இளமஞ்சள் நிறம் நிலைக்கும். மற்றொன்று குரோமிய உப்பினால் பதனிடுவது. துவர்ப்பு முறைக்கு வாரக்கணக்கில் வேண்டும்; இதற்கு ஓரிரு நாட்களே போதும். தோல் நீலங்கலந்த நிறம் பெறும். மென்மையும், வெப்பந்தாங்கும் ஆற்றலும் உடையதாகும். இன்று உலகில் பெரும்பகுதித் தோல் இம்முறையிலேயே பதனிடப்படுகின்றது.

இனி மெருகு. தடித்த மாட்டுத்தோலை இயந்திரத்தால் ஏடுகளாகப் பிளப்பர். மேலேட்டின் முகத்தைத் தேய்க்காமல் இயற்கைத் துளைகளோடு விட்டால் அது முழுமுகத் தோல், விலை மிக்கது. முகத்தில் வடுக்கள் மிகுந்தால் அதனைத் தேய்த்து, நிறப்பூச்சுப் பூசி, அச்சழுத்திப் பொய்த்துளை உண்டாக்குவர். இது திருத்திய முகத்தோல். மயிர்ப்புறத்தை மெல்லத் தேய்த்துப் பட்டுப்போலாக்கியது நூபக். சதைப்புறத்தையோ அடியேட்டையோ அவ்வாறு தேய்த்தது சுவேட். சாயம் மட்டும் ஊட்டிப் பூச்சின்றி விடுவது அனிலின் மெருகு. அடியேட்டின்மேல் பிளாஸ்டிக் ஏடு ஒட்டுவதும் உண்டு. அப்பூச்சு 0.15 மில்லிமீட்டர் தடிப்புக்கு மேற்படின், அதனை வெறுமனே 'தோல்' என்று அழைத்தல் ஆகாது என்பது உலகத் தர வழக்கு. இத்தகைய பூச்சுகளிற் சில ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சிதைவுறும் இயல்பின. நம் இளைஞர்க்கு நேர்ந்தது இதுவே. தோற்றுணுக்குகளை அரைத்துப் பசை கலந்து ஏடாக்கியதும், துணியின்மேல் பூச்சிட்ட ரெக்சினும் இவற்றினும் தாழ்ந்தவை.

ஆய்ந்தறியும் வழி யாது? அடிப்புறத்தில் நார் தெரிவது கண்டு மயங்கற்க. அடியேட்டிலும் நார் தெரியும். வெட்டு விளிம்பை நோக்குக: நார்மேல் தனியே ஒரு படலம் தோன்றின் ஐயுறுக. ஒரு துளி நீரிடுக: அனிலின் தோல் அதனை உறிஞ்சிக் கறுக்கும், பூச்சுடையதில் துளி உருண்டு நிற்கும். மயிர்த்துளைகள் எங்கும் ஒரே அச்சாய் இருப்பின் அவை இயற்கையல்ல.

அன்பர்களே! அவ்விளைஞர் தொழில் தொடங்கியபோது, "இது நம் குலத்துக்கு ஏற்றதன்று" என்றோர் நம்முள் இருந்தனர். இன்று அவர்கள், "அன்றே சொன்னோமே" என்கின்றனர். நட்டம் தொழிலால் வந்ததன்று. தலைமுறை தலைமுறையாக அத்தொழிலை அறிந்தவர்களை நம் திண்ணையில் ஏற்றாது விலக்கிய செருக்கால் வந்தது. அந்த முதியவரை முன்னரே அழைத்துக் கேட்டிருப்பின் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். யாமும் அவர் கடையை நாள்தோறும் கடந்து சென்றோம், ஒருநாளும் நின்றிலேம். இதை நாணத்துடன் ஒப்புகின்றோம்.

இத்தொழிலின் குறையையும் மறைக்க வேண்டா. தோற்கழிவு பாலாற்றையும் வேலூர்ப் பகுதி நிலத்தையும் கெடுத்தமை பற்றி 1996-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கடுந்தீர்ப்பு வழங்கியது. கழிவைத் தூய்மை செய்வதும் கல்வியின் பாற்பட்டதே. சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இவ்விரண்டு பணியும் ஆற்றி வருகின்றது. அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியில் இதற்கெனப் பட்டப்படிப்பும் உண்டு. நம் பிள்ளைகள் அங்குச் செல்லட்டும்.

இறுதியாக இரண்டு வேண்டுகோள். அவ்விளைஞரின் கடன் தவணையைச் சங்கம் ஓராண்டு நீட்டித்தல் வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு அம்முதியவரை விருந்தினராக அழைத்து, மேடையில் இருக்கை தந்து, அவர் வாயால் நாம் பாடங் கேட்டல் வேண்டும். அன்று யாம் மாணவராய் முன்வரிசையில் அமர்வோம்.