அடுக்களையில் ஒரு பாலர் பள்ளி

(தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஓசூரில் சிப்காட் வந்த நாள் முதல் நம் குடும்பங்கள் ஷிப்ட் கணக்கிலேயே வாழ்கின்றன. தந்தை இரவு ஷிப்ட் முடித்து உறங்குவார். தாய் காலையில் கம்பெனி பஸ் ஏறுவார். பாட்டியிடம் விடப்பட்ட நான்கு வயதுப் பிள்ளை சத்தம் போடக் கூடாது. ஆகவே அதன் கையில் செல்போன் கொடுத்துவிடுகிறோம். எவரையும் குறை கூற இதைச் சொல்லவில்லை. ஒற்றை அறை லைன் வீட்டில் வேறென்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமல்லவா?

இதே கேள்வி நூறாண்டுகளுக்கு முன் உரோமை நகரிலும் எழுந்தது. சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்திருந்த குழந்தைகள் சுவர்களைப் பாழாக்கினார்கள். கட்டடத்தார் மரியா மாண்டிசோரி என்னும் பெண் மருத்துவரின் உதவியை நாடினார்கள். 1907 சனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று, அங்கே குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பொம்மைகளைவிட மெய்யான வேலையையே பிள்ளைகள் விரும்புவதை அங்கு அவர் கண்டார்.

கத்தோலிக்கரான அந்த அம்மையார் நம் தமிழ் மண்ணில் வாழ்ந்தவர் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கவே, பகை நாட்டவர் என்று அவருடைய நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் கொடைக்கானலில் தங்கி, மலையின் செடிகொடிகளையும் உயிரினங்களையுமே குழந்தைகளுக்குப் பாடமாக்கினார்.

அவருடைய முறைக்கு விலையுயர்ந்த சாமான் வேண்டும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வேண்டாம். சொரசொரப்பான தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, அதன்மேல் பிள்ளையின் விரலை ஓட்டச் செய்தார் அவர். நம் பட்டறைகளில் உப்புத்தாள் கிடைக்காமலா போகும்? ‘அ’ என்று வெட்டி ஒட்டுங்கள். விரல் போகும் திசை மட்டும் சரியாக இருக்கட்டும். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதியதும் இதற்கு நெருங்கிய உறவுதான். மூன்று வயதில் பென்சிலைத் திணித்து ஏ, பி, சி, டி எழுதச் சொல்வது அவசரம். விரல்கள் முதலில் பழக வேண்டும்.

கணக்குக்குப் பழைய படியும் ஆழாக்கும் போதும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதைக் கேழ்வரகை அளந்து பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். துவரையும் மொச்சையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம். ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீர் ஊற்றட்டும். சிந்தினால் துணியைக் கையில் கொடுங்கள், துடைப்பதும் பாடமே. ஒன்று மட்டும் எச்சரிக்கை: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் மணிகளைக் கொடுக்கக் கூடாது. மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். பெரிய பிள்ளைக்கும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

நம் எல்லைப் பகுதியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசுகிறோம். இன்று ஒடியாவும் இந்தியும் பேசும் குடும்பங்கள் பக்கத்து வீட்டிலேயே உள்ளன. மொச்சையைப் பிரிக்க மொழி தடையில்லை. அதன் பெயரைத் தாய்மொழியில் முதலில் சொல்லிக் கொடுங்கள். மற்ற மொழிப் பெயரைத் தெருவே கற்றுத் தந்துவிடும்.

பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2009-ம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியைப் பிள்ளையின் உரிமையாக்கியுள்ளது. சிறுவர்களுக்கு அங்கன்வாடி உண்டு. ஆனால் பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கூறியது. கட்டணம் கட்டிவிட்டதால் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது. சிலுவை அடையாளத்தைப் பிள்ளை கற்பதும் தாயின் கையைப் பார்த்துத்தானே!

ஷிப்ட் முடிந்து வருபவரிடம் நாள் முழுவதையும் கேட்கவில்லை; அரை மணி நேரம் கேட்கிறோம். உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் உப்புத்தாளில் வெட்டி வைத்திருக்கிறோம். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் வந்து மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் ஆழாக்கு இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாதவருக்குக் கொடுக்கலாம்.