கணக்கு யந்திரமும் கூலிக்காரர் நோட்டும்

(குமாரபாளையத்தில் ஆலை, விசைத்தறி, விவசாயத் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



ஆலை வாசலிலும் தறிப்பட்டறையிலும் ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. "ஆபீஸில் ஏ.ஐ. வந்துவிட்டது; மூன்று நாள் உட்கார்ந்து போட்ட சம்பளக் கணக்கை அரை மணியில் முடித்துவிடுகிறது" என்கிறார்கள். சிலர் அதிசயிக்கிறார்கள். சிலர் பயப்படுகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் அது என்ன வஸ்து என்று தெரிந்துகொள்வோம். நம் கூலி அதற்குள்ளே இருக்கிறது. ஆகவே தெரிந்துகொண்டே தீர வேண்டும்.

கணக்கப்பிள்ளையின் பேரேட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலிருந்து கீழே பத்திகள், இடமிருந்து வலமாக வரிசைகள், நடுவிலே கட்டங்கள். 1979-ல் அமெரிக்காவில் டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் என்ற இருவர் இந்தப் பேரேட்டைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு விசிகால்க் என்று பெயர். 1985-ல் மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் எக்செல் வந்தது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த கட்டங்கள் எல்லாம் தாமாகவே மாறிக்கொள்ளும். அப்படி மாறுவதற்காகக் கட்டத்தில் எழுதி வைக்கும் கட்டளைக்குச் சூத்திரம் என்று பெயர்.

இந்தச் சூத்திரத்தை எழுதத் தெரிந்தவர்கள் ஆபீஸில் ஒருவரோ இருவரோதான் இருந்தார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அதற்குப் பிறகு நிலைமை மாறியது. மைக்ரோசாஃப்டின் கோபைலட்டும் கூகுளின் ஜெமினியும் கணக்குத் தாளுக்கு உள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டன. வேண்டியதைச் சாதாரணப் பேச்சாகச் சொன்னாலும் சூத்திரத்தை எழுதித் தருகின்றன.

இதன் அர்த்தம் என்ன? பேரேடு எழுதும் வித்தை ஆபீஸுக்கு மட்டும் சொந்தமாக இருந்த காலம் போய்க்கொண்டிருக்கிறது. கையில் ஒரு போன் இருந்தால் அந்த வித்தை நமக்கும் எட்டும். ஆனால் எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பள்ளிபாளையம், குமாரபாளையம் தறித் தொழிலாளிக்குப் 'பாக்கி' என்றால் விளக்கம் தேவையில்லை. வேலைக்குச் சேரும்போது முன்பணம். பிறகு வாராவாரம் கூலியில் பிடித்தம். பாக்கி தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. கணக்கு எழுதுவதோ பட்டறைக்காரர். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். முன்பணம் 30,000 ரூபாய். வாரப் பிடித்தம் 500. நாற்பது வாரத்தில் 20,000 கழிந்திருக்க வேண்டும். மீதி 10,000.

இதைக் கணக்குத் தாளில் போடுகிறார்கள். நாற்பது கட்டங்களில் 37-ல் '500' என்று எழுதியிருக்கிறது. மூன்றில் மட்டும் '500ரூ' என்று எழுதிவிட்டார்கள். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யந்திரத்துக்கு அப்படியில்லை. எழுத்துச் சேர்ந்தால் அது எண் ஆகாது, வெறும் சொல். எக்செலின் கூட்டல் சூத்திரம் சொற்களைத் தள்ளிவிட்டு எண்களை மட்டும் கூட்டும். சத்தமும் போடாது, எச்சரிக்கவும் செய்யாது. கழிந்தது 18,500 என்றும், மீதி 11,500 என்றும் காட்டும். தொழிலாளி மேலும் மூன்று வாரம் கட்டுண்டு கிடப்பார். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. கவனக்குறைவு ஒன்றே போதும். கெட்ட எண்ணமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்!

சேலம், நாமக்கல் ஆலைத் தோழர்களுக்கு இன்னோர் உதாரணம். எட்டு மணி நேரத்துக்கு 480 ரூபாய் என்றால் மணிக்கு 60. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதப்பட்ட உரிமை. அந்தக் கணக்கில் மாதம் 40 மணி ஓவர்டைமுக்கு 4,800 ரூபாய் வர வேண்டும். சூத்திரத்தில் இரண்டால் பெருக்குவதை விட்டுவிட்டால் 2,400தான் வரும். ஐம்பது பேருக்கு ஒரே மாதத்தில் 1,20,000 ரூபாய் போயிற்று. பழைய பேரேட்டில் ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனியாகத் தவற வேண்டும். யந்திரத்தில் ஒரு சூத்திரம் தவறினால் ஐம்பது பேர் கூலியும் ஒரே நொடியில் தவறும். வேகம் வந்தால் பிழைக்கும் வேகம் வரும்.

சரி, ஏ.ஐ. உதவியாளர் பிழையைக் கண்டுபிடிக்காதா? கேட்டால் பல சமயம் கண்டுபிடிக்கும். ஆனால் அது மனக்கணக்குப் போடும் யந்திரமாகப் பிறந்ததில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்கவைத்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று ஊகிக்கப் பழக்கியிருக்கிறார்கள். அதனால் தவறான விடையையும் சரியான விடையைப் போலவே அழகாகச் சொல்லும். 2025-ல் எக்செல் கட்டத்துக்குள்ளேயே கோபைலட்டைக் கூப்பிடும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அதே கம்பெனி, துல்லியம் தேவைப்படும் எண் கணக்குக்கு அதை நம்பாமல் எக்செலின் சொந்தச் சூத்திரங்களையே பயன்படுத்துங்கள் என்றும் எழுதி வைத்தது. செய்து விற்பவனே சொல்கிறான்!

படித்தவர்களின் தாளிலும் பிழை வரும். 2010-ல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அரசின் கடன் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் வளர்ச்சி சராசரியாகப் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது என்றார்கள். பல நாட்டு ஆட்சியாளர்கள் மக்கள் நலச் செலவை வெட்டுவதற்கு இதைச் சாக்காகக் காட்டினார்கள். 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்த எக்செல் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரிச் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது! அதையும் கணக்கிட்ட முறையில் இருந்த வேறு குறைகளையும் சரிசெய்தபோது, வளர்ச்சி 2.2 சதவீதம் என்று வந்தது. அந்த மாணவர் கண்டுபிடித்தது எப்படி? தாள் அவர் கைக்கு வந்தது. அதனால் கண்டுபிடித்தார். விடையை மட்டும் காட்டியிருந்தால் அவராலும் முடிந்திருக்காது.

ஆகவே தோழர்களே, நாம் செய்ய வேண்டியவை இவை.

ஒன்று: நம் நோட்டு நம்மிடம் இருக்கட்டும். தேதி, நெய்த மீட்டர் அல்லது வேலை செய்த மணி, வாங்கிய கூலி, பிடித்தம். இந்த நான்கையும் அன்றன்றே எழுதுவோம். நோட்டு இல்லாதவருக்கு எந்த யந்திரமும் உதவாது.

இரண்டு: உதவியாளரிடம் விடையைக் கேட்க வேண்டாம், சூத்திரத்தைக் கேட்போம். "முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் பிடித்தம், முன்பணம் 30,000, மீதியைக் காட்டச் சூத்திரம் கொடு, எண்ணாக இல்லாத கட்டங்களையும் சுட்டிக் காட்டு" என்று சொல்வோம். சூத்திரம் என்ன செய்கிறது என்பதையும் தமிழில் விளக்கச் சொல்வோம்.

மூன்று: இரண்டு பேர் கணக்கையாவது காகிதத்தில் கையால் போட்டுப் பார்ப்போம். கையும் யந்திரமும் ஒத்துப் போனால்தான் மற்றவர்கள் கணக்குக்குப் போவோம். பி.எஃப். பிடித்தம் சம்பளச் சீட்டில் இருந்தால் மட்டும் போதாது. பாஸ்புக்கிலும் ஏறியிருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்போம்.

நான்கு: பெயர், ஆதார் எண், பாங்கி எண் எதையும் அதற்குள் போட வேண்டாம். ஒன்று, இரண்டு என்று வரிசை எண் போதும். நாம் போடுவது எங்கோ இருக்கும் கம்பெனியின் யந்திரத்துக்குப் போகிறது என்பதை மறக்கக் கூடாது.

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இது அந்நிய விஷயமல்ல. ஊரக வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் போனில் படம் பிடித்து வருகை பதிவது கட்டாயமாயிற்று. மோசடி ஒழியும் என்றார்கள். 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே, வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம் பிடித்த படங்களும் ஏற்றப்படுவதாக மாநிலங்களுக்கு எழுதியது. யந்திரம் படத்தை வாங்கிக்கொண்டது, உண்மையைப் பார்க்கவில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன சமூகத் தணிக்கையில் இதைவிடப் பலம் இருந்தது. கணக்கை ஊர் நடுவே வாசித்தால், ஏரியில் மண் வெட்டியவர் எழுந்து நின்று "அன்றைக்கு நான் வேலை செய்தேன், என் பெயர் எங்கே?" என்று கேட்க முடியும்.

கடைசியாக ஒரு கேள்வி. மூன்று நாள் வேலை அரை மணியில் முடிந்தால், மிச்சமான நேரம் யாருக்கு? 1955-ல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் இதே கேள்வியைக் கேட்டு 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'ரேஷனலைசேஷன்' என்ற பெயரில் ஆளைக் குறைத்து, மிஞ்சியவர் தலையில் பளுவை ஏற்றுவதை எதிர்த்தார்கள். அன்று தறிக்கு வந்தது இன்று ஆபீஸ் மேஜைக்கு வருகிறது. ஆபீஸ் குமாஸ்தாவும் மாதச் சம்பளக்காரர்தான். அவர் வேலை போனால், நம் கணக்கில் சந்தேகம் கேட்க ஒரு மனிதரும் இருக்கமாட்டார். யந்திரத்திடம் போய்ச் சண்டை போட முடியுமா?

யந்திரம் வரட்டும். கூலித் தாளும், அதன் சூத்திரமும், கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஓர் ஆளும் நம் முன்னே இருக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குவோம். அதுவரை, இன்று இரவே நோட்டை எடுத்து இந்த வாரக் கணக்கை எழுதத் தொடங்குவோம்.