விறகு சும்மா வருவதில்லை
(இளம்பிள்ளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அடுப்பெரிப்பது பொம்பளைங்க சமாச்சாரம், இதை இயக்க மேடையில் பேசணுமா என்று சிலர் கேட்கலாம். பேசித்தான் ஆகவேண்டும். நிலமும் சாதியும் விறகுக்குள்ளே இருக்கின்றன.

'காசு கொடுத்தா வாங்குறோம், பொறுக்கிட்டு வர்றதுதானே' என்கிறோம். எங்கே பொறுக்குவது? கஞ்சமலை காப்புக்காடு. ஏரிக்குள் நிற்கும் சீமைக்கருவேலத்தை ஏலம் எடுத்தவர் விடமாட்டார். மிச்சம் காட்டுக்காரர் வரப்புதான். கூலி கூடக் கேட்ட மறுநாள் 'என் காட்டுல கால் வைக்காதே' என்று அவர் சொல்லிவிட்டால் நம் வீட்டில் உலை ஏறாது. ஒரு சுமை முள்ளுக்காக நம் பெண்கள் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

இன்னொரு விலையை நெஞ்சு கொடுக்கிறது. ஜன்னலில்லாத ஒத்தை அறையில் புகையின் நுண்துகள் நுரையீரலின் அடிவரை இறங்குகிறது. மூச்சிரைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், பிள்ளைகளுக்கு நிமோனியா. வீட்டுக்குள் சூழும் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் 2 லட்சத்துக்கும் மேல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

கேஸ்தான் கொடுத்தாச்சே என்பார்கள். 2016இல் உஜ்வலா வந்தது, 2018இல் எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்கள் அனைத்துக்கும் விரிந்தது. அடுப்பு வந்தது, எரிந்ததா? அத்திட்ட வீடுகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்தான் வாங்கின என்று, 2018 டிசம்பர் வரையான கணக்கைப் பார்த்த மத்திய தணிக்கை அறிக்கை சொன்னது.

காரணம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். முழுப்பணம் முதலில் கட்டணும்; மானியம் பிறகுதான் கணக்கில் விழும். 2023 அக்டோபரில் அதை 300 ரூபாய் ஆக்கினார்கள். அன்னாடக் கூலிக்காரி 14.2 கிலோவுக்கான மொத்தப் பணத்துக்கு எங்கே போவாள்? அடுப்பையும் முதல் சிலிண்டரையும் கடனாக வாங்கியவர்களுக்கு அந்த மானியத்திலேயே கடனைப் பிடித்தார்கள்.

விறகுப் புகையின் கரித்துகள் பூமியைச் சூடாக்குகிறது, உண்மைதான். கேஸும் பூமியைத் தோண்டி எடுத்ததுதான். ஆனால் சேரி அடுப்பையும் பணக்காரன் காரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பிழைப்புக்கான புகை வேறு, சொகுசுக்கான புகை வேறு என்று 1991லேயே அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிவிட்டார்கள்.

மானியம் கழித்த விலையைத்தான் வாசலில் வாங்கவேண்டும் என்று கேட்போம். 5 கிலோ சிலிண்டர் சேரிவரை வரட்டும் என்று கேட்போம். ஏரி மரத்தில் நமக்கும் பங்கு கேட்போம். அடுத்த கூலிப் போராட்டத்துக்குத் தேதி குறிக்குமுன், எத்தனை வீட்டில் சிலிண்டர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வரப்பை அடைத்தால் நாம் எத்தனை நாள் தாங்குவோம் என்பது அதில் தெரிந்துவிடும்.