‘எழுதியாயிற்று’ என்னும் சொல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

கணினிச் சேமிப்பகத்தின் கன்ட்ரோலரை எவ்வாறு அமைத்தால் நன்மை என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். ரயில்வே எழுத்தர் ஒருவருக்கு, அதுவும் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவருக்கு, இப்பொருளில் என்ன உரிமை என்று சிலர் ஐயுறலாம். கழக்கூட்டத்தில் 1990ஆம் ஆண்டு தோன்றிய டெக்னோபார்க்கில் நம் காலனிப் பிள்ளைகள் பலர் பணிபுரிகின்றனர். அவர்களிடம் கேட்டும், கையேடுகளைப் புரட்டியும் அறிந்தவற்றையே இங்குக் கூறுகின்றோம். அன்றியும், இப்பொருளின் வேர் ரசீது எழுதும் தொழிலில் இருக்கின்றது. அத்தொழில் நமக்குப் புதிதன்று.

இதனை இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. பழைய ஆண்டு மலர்களையும், குடும்பங்கள் நம்பிக் கொடுத்த கடிதங்களையும், நிழற்படங்களையும் படியெடுத்து நம் நூலகத்தின் மூன்று கணினிகளில் சேர்த்து வருகின்றோம். கணினிகள் மந்தமாக இயங்குகின்றன. விரைவுபடுத்த வேண்டும் என்னும் கோரிக்கை செயற்குழுவின் முன் நிற்கின்றது. கோரிக்கை நியாயமானதே. எவ்வழியில் விரைவுபடுத்துவது என்பதே வினா.

முதலில் அமைப்பைச் சிறிது விளக்குவோம். ஒரு கணினிக்குள் பல கற்பனைக் கணினிகளை இயக்கலாம். அவற்றை மெய்நிகர் கணினிகள் என்பர். பல கணினிகளின் வட்டுகளை ஒன்றுசேர்த்து, ஒரே பண்டகசாலைபோல் அவற்றுக்கு அளிப்பது கிளஸ்டர் சேமிப்பகம். செஃப் என்னும் மென்பொருள் இவ்வகையினது. சேஜ் வைல் என்பாரும் தோழர்களும் 2006ஆம் ஆண்டு இதுபற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். விஎம்வேர் நிறுவனத்தின் வீசான் 2014ஆம் ஆண்டு வெளிவந்தது. செஃப் வழக்கமாக ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று படிகள் வைக்கும். மூன்றும் எழுதப்பட்டன என்று மூன்று இடங்களிலிருந்தும் விடை வந்த பின்னரே, ‘எழுதியாயிற்று’ என்று கேட்டவருக்கு உரைக்கும். ஆகவே, மூன்றனுள் மிக மெதுவான வட்டு எதுவோ அதுவே எழுதும் வேகத்தை வரையறுக்கும்.

கணினிக்கும் வட்டுகளுக்கும் இடையே நிற்கும் அட்டைதான் கன்ட்ரோலர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988ஆம் ஆண்டு ரெய்டு என்னும் முறையை விளக்கினர். பல சிறு வட்டுகளை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று கெட்டாலும் தகவல் கெடாமல் காப்பது அம்முறை. தனித்து நிற்கும் கணினியில் அப்பிணைப்பைச் செய்யும் கன்ட்ரோலர் நல்ல காவலன்.

கிளஸ்டரிலோ நிலைமை வேறு. அங்கே காவல் தொழிலை மென்பொருளே ஏற்றுக்கொண்டுவிட்டது. எந்த வட்டு நலிகின்றது, எந்தப் படி எங்கே உள்ளது என்று அதுவே கணக்கு வைக்கின்றது. நடுவில் கன்ட்ரோலரும் வட்டுகளைப் பிணைத்து மறைத்தால், மென்பொருளுக்கு வட்டின் உண்மை நிலை தெரியாது. ஒற்றைப் பாதையில் இரண்டு நிலைய அதிகாரிகள் ஒருவரையொருவர் கேளாமல் வண்டிக்கு அனுமதி கொடுத்தால் என்ன ஆகும்? ஆதலால் கன்ட்ரோலரை நேர்வழி முறையில் அமைத்து, ஒவ்வொரு வட்டையும் உள்ளபடியே மென்பொருளிடம் ஒப்படைத்தல் வேண்டும். அம்முறை இல்லாத அட்டையாயின், ஒவ்வொரு வட்டையும் தனித்தனி ரெய்டு பூஜ்யமாக வைத்துக்கொள்ளலாம். அது இரண்டாந்தர வழியே.

இனி, கேஷ் என்னும் இடைநினைவகத்திற்கு வருவோம். விவாதம் முழுவதும் இதைப் பற்றியதே. கன்ட்ரோலரில் சிறிது நினைவகம் உண்டு. எழுதவேண்டிய தகவல் அங்கே வந்தவுடன், வட்டில் ஏறுமுன்னரே ‘எழுதியாயிற்று’ என்று சொல்லும்படி அதனை அமைக்கலாம். வேகம் உடனே கூடும். பார்சல் ஆபீசில் மூட்டை இன்னும் பிளாட்பாரத்தில் கிடக்கும்போதே, கிடங்கில் சேர்ந்ததாக ரசீது கிழித்துக் கொடுப்பதற்கு இது ஒப்பாகும். வரிசை விரைவாக நகரும். மழை வந்தால் மூட்டை நனையும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அந்நினைவகத்தை மின்கலம் ஒன்று காக்கின்றது. மின்சாரம் நின்றாலும் தகவல் அழியாது என்பர். மின்கலம் நலமாக இருக்கும்வரை அது மெய்யே. ஆயினும் மின்கலங்கள் முதுமை அடைவன. அது நலிந்தால் ஒழுங்கான கன்ட்ரோலர் தானாகவே வட்டில் எழுதிய பின்னரே விடை கூறும் முறைக்குத் திரும்பிவிடும். அப்போது வேகம் திடீரென வீழும். வீழ்ச்சியைப் பொறாதவர், ‘மின்கலம் கெட்டாலும் முன்போலவே நடத்துக’ என்னும் அமைப்பைத் தேர்ந்தெடுக்கின்றனர். இதுவே பேராபத்து. மேலும், அந்த மின்கலம் கன்ட்ரோலரின் நினைவகத்தை மட்டுமே காக்கும். வட்டினுள் இருக்கும் சிறு நினைவகத்தைக் காவாது.

‘மூன்று படிகள் உள்ளனவே, என்ன அச்சம்?’ என்று கேட்கலாம். ஒரு கணினி கெட்டால் அச்சமில்லை. ஆனால் நம் நூலகத்தின் மூன்று கணினிகளும் ஒரே மின்கம்பியிலிருந்து உயிர் பெறுகின்றன. ஐப்பசி மாலையில் திருவனந்தபுரத்து இடிமழை மின்சாரத்தை நிறுத்தும்போது, மூன்றும் ஒரே கணத்தில் நிற்கும். மூன்றும் எழுதாததை எழுதியதாகச் சொல்லியிருந்தால், மூன்று படிகளும் ஒருங்கே பொய்யாகும். யு.பி.எஸ். இருப்பது நன்றே, எனினும் அதுவும் பழுதாகக்கூடிய ஒரு பெட்டிதான்.

அப்படியாயின் வேகத்திற்கு வழியில்லையா? உண்டு.

முதலாவது, வட்டுகளையே மாற்றுதல். மின்சாரம் திடீரென நின்றாலும், கையிலுள்ளதை எழுதி முடிக்கும் அளவு மின்னாற்றலைத் தன்னுள்ளேயே தேக்கி வைத்திருக்கும் எஸ்.எஸ்.டி. வட்டுகள் உள. அவை விரைவாகவும் உண்மையாகவும் விடை கூறவல்லவை. வீட்டு உபயோகத்திற்கான மலிவு வட்டுகளில் இவ்வசதி பெரும்பாலும் இராது; கிளஸ்டரில் அவை மந்தமாவதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது, வரிசை ஆழம். ஒரே நேரத்தில் எத்தனை விண்ணப்பங்களைக் கன்ட்ரோலர் கையேற்கும் என்பதே அது. சாதாரண சாட்டா வட்டு 32 ஏற்கும். புதிய என்.வி.எம்.இ. முறையின் விதிப்படி, 65,535 வரிசைகள் வரை வைத்து ஒவ்வொன்றிலும் 65,536 கட்டளைகள் வரை ஏற்கலாம். வீசான் வெளிவந்த 2014ஆம் ஆண்டிலேயே, வரிசை ஆழம் குறைந்த சில கன்ட்ரோலர்களை விஎம்வேர் தன் ஏற்புப் பட்டியலிலிருந்து நீக்கியது. அவற்றுள் ஒன்றன் ஆழம் 25 மட்டுமே. கெட்ட வட்டுக்கு ஈடாகப் புதுப்படிகள் ஆக்கும் வேளையில், அத்தகைய சிறிய சாளரத்தின்முன் நெரிசல் மிகுந்து அன்றாட வேலைகளும் நின்றுவிடும். ஆகவே புது அட்டை வாங்குமுன் இவ்வெண்ணைக் கேட்டறிக.

மூன்றாவது, மெய்நிகர் கணினிக்கு நாம் பொருத்தும் கற்பனைக் கன்ட்ரோலர். பழைய அட்டையைப் போல நடிக்கும் வகையைவிட, மெய்நிகர் சூழலுக்கென்றே ஆக்கப்பட்ட விர்ட்டியோ போன்ற வகை இலேசானது, விரைவானது. அங்கும் கேஷ் அமைப்புகள் பல உள. ‘பாதுகாப்பற்றது’ என்று பொருள்படும் பெயருடைய அமைப்பும் அவற்றுள் ஒன்று. பெயரே எச்சரிக்கின்றது; அதனைத் தொடவேண்டா.

ஆகவே, செயற்குழுவின் முன் நாம் வைக்கும் கருத்து இது. கன்ட்ரோலர்களை நேர்வழி முறைக்கு மாற்றுவோம். மாற்றும்போது வட்டிலுள்ளவை அழியக்கூடுமாதலால், முன்னதாக யாவற்றையும் வேறோரிடத்தில் படியெடுத்து வைப்போம். கன்ட்ரோலரின் எழுதும் கேஷை நிறுத்துவோம். செலவைப் பொறுத்துத் தக்க வட்டுகளை ஒவ்வொன்றாக வாங்குவோம். பின்னர், சோதனைக் கோப்புகளை மட்டும் வைத்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே மூன்று கணினிகளின் மின்சாரத்தையும் ஒருங்கே நிறுத்திப் பார்ப்போம். ‘எழுதியாயிற்று’ என்று சொல்லப்பட்டவை யாவும் மீண்டும் கிடைத்தால் மட்டுமே குடும்பங்களின் ஆவணங்களை அதில் ஏற்றுவோம்.

நூலகம் சிறிது காலம் மெதுவாகவே இயங்கலாம். ஒரு படம் திறக்கச் சில நொடிகள் மிகுதியாக ஆவதால் எவர்க்கும் இழப்பில்லை. மறைந்த தந்தையின் கடிதத்தைப் படியெடுத்தவுடன் மூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு சென்ற அன்னையார், அப்படி பத்திரமாக இருக்கின்றது என்று எண்ணி வீட்டில் நிம்மதியாக இருக்கின்றார். மூலத்தாள் நைந்துபோன பிறகு அவருக்கு எஞ்சுவது நாம் சொன்ன சொல் ஒன்றே. அச்சொல் மெய்யாக இருக்கும்படி அமைப்பதே சங்கத்தின் கடமை.