இரு பட்டங்கள்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



என்னிடம் பயின்று இன்று காவல்துறையில் பணியாற்றும் நம் சமூகத்து இளைஞர் ஒருவர் அண்மையில் என் இல்லம் வந்தார். "ஐயா, எறும்புக்கும் ஊறு செய்யாதே என்று வளர்த்தார்கள். இன்று கூட்டத்தின்மீது தடியடிக்கு ஆணையிடும் நிலையில் இருக்கிறேன். நான் சிராவகன்தானா?" என்று வினவினார்.

நம் ஆசாரியர்கள் இம்சையை நான்காகப் பகுப்பர். எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்ப இம்சையை இல்லறத்தான் அறவே விலக்கவேண்டும். மனைவாழ்விலும் தொழிலிலும் நேர்வனவும், பகையைத் தடுக்கையில் நேரும் விரோத இம்சையும் அவனால் முற்றிலும் தவிர்க்க இயலாதவை. இதைச் சொல்லியே அவரைத் தேற்றியிருக்கலாம். ஆனால் ஒரு போர் தற்காப்பா, மண்ணாசையா என்று முடிவுசெய்பவன் யார்? போர்தொடுக்கும் அரசனேயன்றோ! தன் படையெடுப்பைத் தற்காப்பென்று கூறாத வேந்தன் உளனோ?

ஆகவே சாமுண்டராயரை நினைவூட்டினேன். கங்க மன்னர் மாரசிம்மனுக்கும், பின்னர் இராசமல்லனுக்கும் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கியவர். போர்க்களம் தந்த பட்டம் 'சமர பரசுராமன்'; வாய்மை தந்த பட்டம் 'சத்திய யுதிட்டிரன்'. (அந்த யுதிட்டிரனே களத்தில் ஒருமுறை வாய்மை வழுவினான் என்பது வேறு கதை.) 978-இல் 63 சலாகா புருடர் வரலாற்றைக் கன்னட உரைநடையில் எழுதியவரும் அவரே. பல போர்களை வென்ற மாரசிம்மன், முடிதுறந்து பங்காபுரத்தில் அஜிதசேனர் திருவடியில் சல்லேகனை நோற்றான். மன்னன் விலகினான், அமைச்சர் பணியில் நின்றார். நின்றவர் நிலையே கடினமானதென்பது என் துணிபு.

சிரவணபெளகொளாவில் ஏறத்தாழ 58 அடி உயரத்தில் அவர் எடுப்பித்த திருவுருவம் தீர்த்தங்கரருடையதன்று, பாகுபலியுடையது. பரதனும் பாகுபலியும் படைகளை எதிர்நிறுத்தியபோது, இருதரப்பு அமைச்சர்களுமே இடைபுகுந்து, "படைகள் மாளவேண்டா, நீவிர் இருவருமே பொருதுக" என்றனர். நோக்கு, நீர், மல் என்னும் மூன்றிலும் வென்ற பாகுபலி அரசைத் துறந்தார். அத்துறவை நாம் ஆண்டுதோறும் போற்றுகிறோம். அவ்வமைச்சர்களை எவரும் பேசுவதில்லை. எத்தனை தாய்மாரின் மக்கள் அன்று உயிரோடு வீடு திரும்பினர்! தாமும் ஓர் அமைச்சராயிருந்த சாமுண்டராயர், மலைமேல் அவ்வுருவை நோக்கிய போதெல்லாம் இதனை எண்ணாதிருந்திருப்பாரோ?

இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "தடியடிக்கு முன் கூட்டத்தாரோடு பேச எனக்கு எவ்வளவு நேரம் என்பதும் மேலதிகாரி கையில்தான், ஐயா" என்றார்.

"கூடுதலாக நேரம் கேட்டதுண்டா?" என்றேன்.

"இதுவரை இல்லை" என்றார்.