ஏ9 வீதியும் ஒரு நாள் பேரும்

மாத்தளை மாவட்டத்துப் பலாபத்வலயைக் கடந்து போகும் ஏ9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. வடக்கே போனால் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம், சுற்றிலும் மாத்தளையின் மிளகும் கராம்பும் கொக்கோவும். உணவு விலையை ஆராய வருகிறவர்கள் முதலில் இந்த வீதியைத்தான் படிக்க வேண்டும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் தடைப் பட்டியலில் ஏறின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை அது. போரில் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002 ஏப்ரலில் திறந்தது. 2006 ஆகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை வெடிக்க, மறுபடியும் மூடியது. கப்பல் வந்தால்தான் கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான்; வராத நாட்களில் வரிசை மட்டுமே. யாழ் குடாநாட்டு வெங்காயத்துக்கும் மீனுக்கும் தெற்கே போக வழியில்லை. விற்பது மலிந்து, வாங்குவது ஏறி, விவசாயிக்கு இரண்டு பக்கமும் அடி. உணவு இருந்தும் அதை அடையும் வழி அறுந்தால் பஞ்சம் வரும் என்று அமர்த்தியா சென் 1981இல் எழுதியதற்கு இதைவிடக் கிட்டிய சான்று தேட வேண்டியதில்லை.

துப்பாக்கி வெடிக்காமலும் வழி அறுந்ததுண்டு. 1973–74இல் உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் விலை ஏற, பங்கீட்டுக் கூப்பன் அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகவும் கட்டுப்பாடு. கிராமத்தானுக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. தோட்டத்து லயன் அறைகளில் வாழ்ந்த லயத்துக்காரருக்கு அதுவும் இல்லை. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. எழுபதுகளில் மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறின. பசிக்குத் தப்பிப் போனவர்களைப் போர் அங்கே பிடித்துக்கொண்டது. இந்த மக்களின் கதை போர் ஆய்விலும் சரி, வறுமை ஆய்விலும் சரி, அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. ஆய்வாளர்கள் கோபித்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது அண்மைக் கதை. 2021இல் இலங்கையில் இரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை. நவம்பரில் அதை விலக்கியபோது பெரும்போக விதைப்புக் காலம் கைநழுவிக்கொண்டிருந்தது. கூடவே அந்நியச் செலாவணி வற்றியது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். 63 லட்சம் பேருக்கு உணவு உறுதியில்லை என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன.

சதவீதத்தை விட்டுவிட்டு ஒரு பால்மா பைக்கற்றை எடுத்துக்கொள்ளலாம். 2022 மார்ச்சில் 400 கிராம் பைக்கற் 790 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது ஆயிரம் ரூபா. கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர், அதாவது பாதிநாள் கூலி, விழுந்த நாளில் அந்த ஒரு பைக்கற்றுக்கே காசு போதாது. லயத்துப் பிள்ளைக்கு அன்று பாலில்லாத சாயத்தண்ணிதான்.

2023 நடுவில் உணவுப் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே இறங்கியதும் நெருக்கடி முடிந்ததாகப் பலர் எழுதினார்கள். ஆனால் ஏறிய விலைகளில் பெரும்பாலானவை ஏறிய இடத்திலேயே நின்றன. எனவே இந்த ஆய்வரங்கில் கட்டுரை படிப்பவர்களிடம் அவை எதிர்பார்ப்பது ஒன்றுதான்: விலைப் பட்டியல் காட்டும் இடத்திலெல்லாம் பக்கத்திலேயே அந்த இடத்துக் கூலியையும் காட்டுங்கள். மாவட்டச் சராசரி வேண்டாம். நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்தே காட்டுங்கள். முதல் அமர்வு தோட்டத்துறை பற்றியது. கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.